டிம் லெஸ்டருக்கு ஒரு திறந்த மடல்: பந்து கிளம்பும் முன்பே எதிரணிக்குச் சொல்லிவிடாதீர்கள்

2024 பிப்ரவரி

அயோவா பல்கலைக்கழக ஹாக்கைஸ் அணியின் புதிய அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர்) டிம் லெஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கின்னிக் மைதானத்துக்கு நல்வரவு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கடந்த இரண்டு ஆண்டுகளாக மிக அதிகமாகக் கேலிக்கு ஆளான நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். கேலி செய்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2023இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 234.6 யார்டு நகர்த்தினோம். முதல் பிரிவின் உச்ச அடுக்கில் உள்ள 133 அணிகளில் அதுதான் கடைசி இடம். எடுத்த புள்ளிகளின் சராசரி 15.4. அதிலும் தடுப்பு அணியும் உதை அணியும் சேர்த்துக் கொடுத்தவை கலந்திருக்கின்றன. அப்படியிருந்தும் 10 ஆட்டங்களை வென்று பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தோம் என்றால், ஃபில் பார்க்கரின் தடுப்பு அணிக்குத்தான் கும்பிடு போட வேண்டும். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அவருக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம்: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர்த்தினால் பந்து உங்களிடமே இருக்கும். முடியாது என்று பட்டால் நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவது பன்ட். எங்கள் பன்டர் டோரி டெய்லர் 2023இல் 93 முறை உதைத்து மொத்தம் 4,479 யார்டு சேர்த்தார். 1938 முதல் அசையாமல் நின்ற ஒரு பருவச் சாதனை அதனால் உடைந்தது. மெல்பர்னிலிருந்து வந்த அந்தப் பிள்ளையை நாங்கள் கொண்டாடினோம், சட்டை போட்டோம், பேனர் பிடித்தோம். ஆனால் ஓர் அணியின் பெரிய நட்சத்திரம் பன்டராக இருந்தால் அந்த அணியின் தாக்குதல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவரும் இப்போது தொழில்முறை ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். இனி அந்தத் துடுப்பும் இல்லை.

40 புள்ளி எடுத்துத் தாருங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. உங்களுக்கு முன்பிருந்த, தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரென்ட்ஸின் மகன் பிரையனின் ஒப்பந்தத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி என்று ஓர் இலக்கை எழுதிவைத்து, ஊரே கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்த கூத்து ஒருமுறை போதும். தந்தை, மகன், நிர்வாகம் பற்றிய பழைய சண்டையையும் இங்கே கிளறப்போவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஸ்னாப்புக்கு முன்பே, அதாவது பந்து கிளம்புவதற்கு முன்பே, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடுகிறது. அதை நிறுத்துங்கள். மற்ற குறைகளில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

முதலில், உங்கள் கைக்கு வரும் சொத்தைப் பார்ப்போம். எதிரணியைத் தடுத்து வழிவிடும் ஐந்து லைன்மேன்களில் லெஃப்ட் டேக்கிள் மேசன் ரிச்மன், சென்டர் லோகன் ஜோன்ஸ், கார்டு கானர் கோல்பி ஆகிய மூவரும் இன்னொரு பருவம் ஆட முடிவு செய்திருக்கிறார்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் வரிசையில் லெஷான் வில்லியம்ஸ், கேலப் ஜான்சன், ஜஸியன் பேட்டர்சன் மூவரும் இருக்கிறார்கள். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் லூக் லாக்கி கால் காயத்திலிருந்து திரும்புகிறார். கிர்க் ஃபெரென்ட்ஸ் 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்து சொல்லிக்கொடுத்துவரும் பாடம் அவுட்சைட் ஸோன் ஓட்டம். நீங்கள் சென்ற ஆண்டு இருந்த தொழில்முறை அணியான கிரீன் பே பேக்கர்ஸில் மாட் லஃப்ளூர் ஆடுவதும் அதன் கிளைதான், ஷனஹன் குடும்பத்து ஆட்டமுறை. ஆக, லைன்மேன்கள் புதிய மொழி எதுவும் கற்க வேண்டியதில்லை. எந்தப் புது ஒருங்கிணைப்பாளருக்கும் இவ்வளவு சாதகமாகக் களம் அமைவதில்லை.

அந்த ஓட்டம் நமக்கு ஏன் செத்துப்போனது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வலப்பக்க அவுட்சைட் ஸோனில் ஐந்து லைன்மேன்களும் ஒரே நேரத்தில் வலது காலைப் பக்கவாட்டில், சற்றே முன்சாய்வாக எடுத்து வைப்பார்கள். தமக்கு நேரெதிரே இருப்பவனின் வெளித்தோளைப் பிடிப்பதுதான் குறி. பிடிக்க முடியாவிட்டால் அவன் போகும் திசையிலேயே அவனைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரன்னிங் பேக் டைட் எண்டின் வெளிக்காலைக் குறிவைத்து ஓடுவான். கடைசித் தடுப்பாளன் உள்ளே அகப்பட்டால் வெளியே சுற்றுவான், வெளியே பாய்ந்தால் உள்ளே வெட்டுவான். ஒரே ஒரு வெட்டுதான், இரண்டாவது வெட்டுக்கு நேரம் கிடையாது. இந்த ஆட்டத்துக்கு உயிர், பின்பக்கத்தில் ஒரு தடுப்பாளனாவது ஒரு நொடி தயங்கி நிற்பது. யாரும் தயங்காமல் எட்டுப் பேர், ஒன்பது பேர் முன்வரிசைக்கு அருகில் வந்து நின்றால், கணக்கில் ஒருவன் எப்போதும் மிச்சமாவான். ரன்னிங் பேக்கை 2 யார்டில் பிடிப்பது அந்த மிச்ச ஆள்தான். லைன்மேன்களைத் திட்டிப் பயனில்லை. எதிரணியின் பின்காவலனான சேஃப்டி 8 யார்டு ஆழத்தில் கவலையில்லாமல் நின்றான் என்றால், அவனுக்குப் பின்னால் யாரும் பந்தை வீசமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

விஸ்கான்சினுக்கு எதிரான 2023 ஆட்டம் நினைவிருக்கும். 15-6 என்று வென்றோம், வில்லியம்ஸின் 82 யார்டு ஓட்டம் அதில்தான் வந்தது. அன்று வீச்சில் நமக்குக் கிடைத்த மொத்த யார்டு 37. அந்த 82 யார்டு ஓட்டம் இந்த வரிசைக்கு என்ன செய்ய முடியும் என்று காட்டியது, மீதி நாள் முழுக்க அது ஏன் நடக்கவில்லை என்பதை அந்த 37 காட்டியது. பென் ஸ்டேட்டில் 31-0. அங்கே நாம் ஆடியது 33 முயற்சிகள், அவர்கள் ஆடியது 97. நமக்குக் கிடைத்தது மொத்தம் 76 யார்டு. 97 முறை களத்தில் நிற்கும் எந்தத் தடுப்பு அணிக்கும் கால் ஓயத்தான் செய்யும். பிக் டென் இறுதியில் மிஷிகனை 213 யார்டுக்குள் கட்டிப்போட்டும் 26-0 என்று தோற்றோம்.

இனி கோரிக்கைகள். மோஷன் முதலில், அதுதான் மலிவான மருந்து. ஸ்னாப் நேரத்தில் ஓர் ஆள் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகர்ந்துகொண்டிருக்க விதி இடம் தருகிறது. பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவன் வலமிருந்து இடம் போகும்போது எதிரணியில் ஒருவன் அவன் பின்னாலேயே ஓடினால் அது ஆளுக்கு ஆள் காவல். யாரும் ஓடாமல் எல்லோரும் அரையடி மட்டும் நகர்ந்துகொண்டால் அது பகுதிக் காவல். பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கு இந்தத் தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. அந்த நகர்வால் தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் ஓரடி தவறாக வைத்தாலே ரிச்மனுக்குக் கோணம் கிடைத்துவிடும். எந்தத் தசையையும் வளர்க்காமல் கிடைக்கும் இந்த ஓரடியை நாங்கள் பார்த்தவரை சென்ற ஆண்டுகளில் தொடவே இல்லை.

இதில் கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. இரண்டு பேர் நகர்ந்தால் எல்லோரும் ஒரு முழு நொடி அசையாமல் நின்ற பிறகே ஸ்னாப் வர வேண்டும், தப்பினால் 5 யார்டு அபராதம். நம் அணிக்கு முதல் முயற்சியில் 15 யார்டு தேவை என்று வந்தால் அந்தத் தொடர் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 40 வினாடிக் கடிகாரத்தில் 20 வினாடி மிச்சமிருக்கும்போதே அடுத்த ஆட்டத்தைச் சொல்லக் கூடும் ஹட்டிலைக் கலைத்துவிட வேண்டும். 12 வினாடியில் கலைத்தால் மோஷன் பார்க்கவும் நேரம் இருக்காது, பார்த்ததை வைத்து ஆட்டத்தை மாற்றவும் நேரம் இருக்காது. வெறும் அலங்காரமாகத்தான் முடியும்.

இரண்டாவது, முதல் முயற்சியில் பிளே ஆக்ஷன், அதாவது ஓடுவதுபோல் பாசாங்கு காட்டிப் பந்தை வீசுவது. ஓட்டம் நன்றாகப் போனால்தான் ஓட்டப் பாசாங்கு எடுபடும் என்று ஒரு பழைய நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. லைன்பேக்கர் முன்னால் வருவது போன ஆட்டத்தில் எத்தனை யார்டு கொடுத்தோம் என்று கணக்குப் பார்த்து அல்ல. லைன்மேனின் முதல் அடியைப் பார்த்ததும் அவன் உடம்பு தானாக வருகிறது. அப்படித்தான் பள்ளிக்கூடத்திலிருந்தே அவனைப் பழக்கியிருக்கிறார்கள். ஆக, அதே பக்கவாட்டு அடி, அதே ரன்னிங் பேக் கோணம், அதே கை நீட்டல். பிறகு குவாட்டர்பேக் எதிர்ப்பக்கம் சுழன்று வெளியேறும் பூட்லெக். அவன் கண்ணுக்கு முன்னால் மூன்று அடுக்கில் ஆள் இருக்க வேண்டும். 3 முதல் 5 யார்டில் டைட் எண்ட், 15 யார்டுக்கு மேல் குறுக்கே வரும் ரிசீவர், அதற்கும் மேலே ஆழத்தில் சேஃப்டியை இழுத்துக்கொண்டு போகும் ஒருவன். கீழிருந்து மேலாகப் பார்த்தாலும் சரி, மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் சரி, மூவரும் ஒரே பார்வைக் கோட்டில் இருக்க வேண்டும்.

இது உடைவது ஒரே இடத்தில்தான். எதிரணி முன்வரிசையின் கடைசி ஆளான பின்பக்க எண்ட் ஏமாறாமல் நேரே குவாட்டர்பேக் மேல் பாய்வான். அதற்கு முன்மருந்து ஸ்பிளிட் ஸோன்: ஆட்டம் வலப்பக்கம் போகும்போது ஒரு டைட் எண்ட் வரிசைக்குப் பின்னால் இடப்பக்கம் குறுக்கே வந்து அந்த எண்டை இடிப்பது. முதல் கால்பகுதியில் இரண்டு முறை இடி வாங்கிய எண்ட் மூன்றாவது முறை அந்த டைட் எண்ட் வருவதைப் பார்த்ததும் தோளை இறுக்கிக்கொண்டு நிற்பான். அந்த மூன்றாவது முறை இடிக்காமல் அவனைத் தாண்டி நழுவிப் போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். ஜார்ஜ் கிட்டில் சான் பிரான்சிஸ்கோவில் இதைச் செய்து பிழைக்கிறார். இங்கே படித்த காலம் முழுவதும் அவர் பிடித்த பந்துகள் 48 என்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வயிறு எரிகிறது. சாம் லபோர்ட்டா டெட்ராய்டில் தன் முதல் ஆண்டிலேயே 86 பிடித்துப் புதுமுக டைட் எண்டுக்கான சாதனை படைத்துவிட்டார். டைட் எண்ட் வளர்ப்பதில் அயோவாவுக்கு நிகர் யாருமில்லை. அறுவடை மட்டும் வேறு ஊரில் நடக்கிறது. லாக்கியும் அடிசன் ஆஸ்ட்ரெங்காவும் சேர்ந்து ஆடும் இரட்டை டைட் எண்ட் அமைப்பிலிருந்து இதே ஓட்டம், இதே பூட்லெக், இதே நழுவல் மூன்றையும் ஒன்றுபோலத் தோன்றும்படி கொடுங்கள்.

அடுத்தது கிரீன் பேயிலிருந்து அப்படியே தூக்கிவர முடியாத ஒரு விஷயம்: ஹாஷ் கோடு, அதாவது ஒவ்வொரு முயற்சிக்கும் பந்தை வைக்கும் இடத்தின் இருபக்க எல்லை. தொழில்முறை மைதானத்தில் இரண்டு ஹாஷ்களுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம்தான். பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். கல்லூரி மைதானத்தில் அது 40 அடி. பந்து ஒரு ஹாஷில் விழுந்தால் குறுகிய பக்கம் 60 அடி, அகன்ற பக்கம் 100 அடி. குறுகிய பக்கம் பூட்லெக் போன குவாட்டர்பேக், டேக்கிளைத் தாண்டும்போதே ஓரக்கோட்டின் மேல் நிற்பதுபோல் ஆகிவிடுவான். அங்கே கோடே ஒரு தடுப்பாளன். எனவே ஓட்டப் பாசாங்கைக் குறுகிய பக்கமும் பூட்லெக்கை அகன்ற பக்கமும் வைப்பதுதான் புத்தி. ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் எதிரணி வீடியோவில் இதைக் கண்டுபிடித்துவிடும், அப்போது மறுபடியும் ஸ்னாப்புக்கு முன்பே நம் குட்டு உடைந்துவிடும். நான்கில் ஒருமுறையாவது குறுகிய பக்கம் வேகமான, 5 யார்டு வீச்சோடு முடியும் அரைப் பூட்லெக் வர வேண்டும்.

அதற்கு ஈடாகக் கல்லூரி விதி ஒரு சலுகையும் தருகிறது. வீச்சுக்கு முன்பு லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னே போகலாம், தொழில்முறையில் 1 யார்டுதான். ஓடவா வீசவா என்பதைப் பந்து கையிலிருக்கும்போதே முடிவு செய்யும் ஆர்பிஓ ஆட்டங்கள் இந்த 2 யார்டு இடைவெளியில்தான் வாழ்கின்றன. முன்வரிசைக்கு இறங்கும் அந்த மிச்ச ஆளைத் தண்டிக்க இதைவிட எளிய வழியில்லை. அவன் இறங்கினால் அவன் விட்ட இடத்தில் சாய்வு ஓட்டம் ஓடும் ரிசீவரிடம் பந்து போக வேண்டும். கேலப் பிரவுன் போன்ற வேகக்காரனுக்கு 6 யார்டில் பந்து கொடுத்து ஓடவிடுங்கள். ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து அவர் இங்கே வந்தது ஓட்டத்துக்குத் தடுப்பு வேலை பார்க்க மட்டும் அல்ல. தலைமைப் பயிற்சியாளருக்கு, குவாட்டர்பேக் சில யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் அமைப்பு மேல் பெரிய காதல் இல்லை என்பது ஊரறிந்தது. ஆட்டத்துக்கு எட்டுப் பத்து முறை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 50 யார்டு கோட்டில் நான்காவது முயற்சியில் 1 யார்டு இருக்கும்போது உதைப்பதா ஓடுவதா என்ற சண்டையை விட்டுவிடுங்கள். அது உங்கள் கையில் இல்லை.

பெயர்களைச் சுருக்குங்கள். ஷனஹன் வழி ஆட்டப்பெயர்கள் ஒரு முழு வாக்கியம் நீளம். தொழில்முறையில் தலைக்கவச ஒலிபெருக்கி வழியாக அது குவாட்டர்பேக் காதில் விழுகிறது. கல்லூரியில் 2023 பருவம் வரை ஓரத்திலிருந்து கைச்சைகைதான், அந்தப் பருவ முடிவின் பவுல் ஆட்டங்கள் சிலவற்றில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்ததோடு சரி. ஒரு பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி, வசந்தகாலத்தில் 15 அமர்வுகள். இதற்குள் 200 ஆட்டத் திட்டங்களைத் திணித்தால் 19 வயதுப் பிள்ளைகள் ஸ்னாப்பில் யோசித்துக்கொண்டு நிற்பார்கள். 12 ஓட்டம், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசாங்கு வீச்சு, 10 வேக வீச்சு என்று வைத்து அவற்றையே ஆறு அமைப்புகளிலிருந்தும் நான்கு மோஷன்களோடும் ஆடினால் எதிரணிக்கு அது பெரிய புத்தகமாகத் தெரியும், நம் பிள்ளைகளுக்கோ சின்ன நோட்டுதான்.

உங்கள் கடந்த காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். நீங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த வெஸ்டர்ன் மிஷிகனில் 2021இல் பிட்ஸ்பர்க் மண்ணிலேயே அவர்களை 44-41 என்று சாய்த்தீர்கள். அந்த ஆண்டு ஏசிசி கூட்டமைப்பின் பட்டம் வென்ற அணி அது. குவாட்டர்பேக் கேலப் எலபியும் ரிசீவர் ஸ்கை மூரும் போன பிறகு 2022இல் 5-7 என்று முடிந்து வேலையும் போனது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. முதல் குவாட்டர்பேக் இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு உங்களிடமும் இன்னும் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை, அதனால்தான்.

நம் முதல் குவாட்டர்பேக் கேட் மக்நமாரா மிஷிகனுக்குப் பிக் டென் பட்டம் வாங்கித் தந்தவர். ஆனால் 2023 செப்டம்பர் கடைசியில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதன்பின் வந்த மாற்று வீரரின் வீச்சுகளில் பாதிகூடக் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பையனைப் பழி சொல்வது நியாயமில்லை. அவனுக்குப் பொருந்தாத ஆட்டத்தை அவன் தலையில் கட்டினோம். மக்நமாரா தேறி வந்தாலும் முதல் மாதங்களில் அவரை ஆட்டத்துக்குப் பத்துமுறை பூட்லெக்கில் ஓடவிட்டால் மீண்டும் மருத்துவமனைதான். அவருக்கு 7 யார்டு பின்வாங்கி நிற்கும் பாசாங்கு வீச்சு, கால் வலுவானபின் பூட்லெக். இன்னொரு குவாட்டர்பேக் மார்கோ லைனெஸ் சிட்ரஸ் பவுலில், 35-0 என்று மூழ்கிய ஒரு நாளில், ஆறு முறை பந்தோடு ஓடி 51 யார்டு எடுத்தார். அவருக்கு நேர்மாறான பட்டியல்: பூட்லெக் முதலிலேயே, குவாட்டர்பேக் ஓட்டம் மூன்று நான்கு. இரண்டு பட்டியலும் ஒரே ஓட்டங்களின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் பாதி ஆட்டத்தில் ஆள் மாறினாலும் லைன்மேன்களின் காலடி மாறாது.

இந்த ஆண்டு முதல் பிக் டென்னில் 18 அணிகள், பிரிவுகள் கிடையாது. மேற்குப் பிரிவின் நிழலில் 10 புள்ளி எடுத்து ஒப்பேற்றிய காலம் முடிந்துவிட்டது. அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போகிறோம், அடுத்த வாரமே வாஷிங்டன் இங்கே வருகிறது. நவம்பரில் யுசிஎல்ஏவை அவர்கள் ஊரில் சந்திக்க வேண்டும். ஜே ஹிகின்ஸும் செபாஸ்டியன் காஸ்ட்ரோவும் திரும்பி வருவதால் தடுப்பு அணி மறுபடியும் 15 புள்ளிக்குள் பலரை நிறுத்திவிடும். 21 புள்ளியும் ஆட்டத்துக்கு 20 ஃபர்ஸ்ட் டவுனும் (10 யார்டு நகர்த்திப் பந்தைத் தக்கவைப்பது) கொடுத்தால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சிறு வேண்டுகோள் பாக்கியிருக்கிறது. முதல் ஆட்டம் ஆகஸ்ட் 31, இலினாய் ஸ்டேட். ஏழு நாள் கழித்து அயோவா ஸ்டேட் வருகிறது, அவர்கள் ஆள் அனுப்பி நம்மைப் பார்ப்பார்கள், எல்லா ஆட்டத்தையும் அன்று காட்ட வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். ஆனால் நான்காம் கால்பகுதியில் முன்னிலை இருந்தால் இரண்டாம் குவாட்டர்பேக்கை இறக்கிப் பந்தைக் கைமாற்ற மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு முழுத் தொடர்கள், முதல் முயற்சியிலேயே ஒரு பிளே ஆக்ஷன் வீச்சு, மூன்றாவது முயற்சியில் 6 யார்டு தேவைப்படும்போது அவரே முடிவெடுக்கும் ஒரு ஆட்டம். அக்டோபரில் ஒரு முழங்கால் திரும்பினால் அந்த ஏழெட்டு வீச்சுகள்தான் நமக்கு உதவும்.

இப்படிக்கு,
ஹாக்கைஸ் ரசிகர்கள் சிலர்